பத்தாவது சங்கிலி

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிவிட்டது. போக நினைத்தது மதுரைச் சீமைக்கு, வந்து இறங்கியது புத்தளத்தில். அப்போது அங்கே தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் புரியும். மொரோக்கோக்காரர் சொன்ன தூரதேசத்துக் கதைகள் அரசனுக்குப் பிடித்துப்போயின. முத்துகளைக் கொடுத்து, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டான். இந்தத் தீவில் கால் வைத்ததிலிருந்து தனக்கு ஒரே ஆசைதான், சிவனொளிபாதமலைமேல் இருக்கும் ஆதமின் பாதச்சுவட்டைப் பார்க்க வேண்டும் என்றார் விருந்தாளி.

அரசன் உடனே ஆள் கட்டினான். ஒரு பல்லக்கு, வருடந்தோறும் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகள் 4 பேர், பிராமணர் 3 பேர், தன் பரிவாரத்தில் 10 பேர், சாப்பாட்டுச் சாமான் தூக்க 15 பேர். இன்றைக்கு மலையடிவாரத்து நல்லதண்ணியில் அறை எடுத்து, வழிகாட்டிக்கு முன்பணம் கட்டி மலையேறும் வெளிநாட்டுப் பயணியின் முன்னோடி இவர்தான் என்றால் தப்பில்லை. ஏற்பாட்டாளராக வாய்த்தவர் ஒரு தமிழரசர் என்பது கூடுதல் சுவை.

பதூதா சொல்லி எழுதவைத்த பயணக் குறிப்பில், இன்றைய பயணி தேடும் சூரியோதயத்தைவிடப் பாறைதான் கண்ணில் நிற்கிறது. ஏறுவதற்கு இரண்டு வழி: பாபா வழி, மாமா வழி. ஒன்று ஆதமின் பெயரில், மற்றது ஏவாளின் பெயரில். மாமா வழி சுலபமானது. ஆனால் அதில் ஏறிப் போனவரை மலைக்குப் போனவராகவே யாரும் மதிப்பதில்லையாம். பாபா வழி செங்குத்து. முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, பிடித்து ஏறச் சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலி. பத்தாவதற்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர். அந்த இடத்துக்கு வந்து கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் தன்னையறியாமல் இறைநம்பிக்கை உறுதிமொழியான கலிமா சொல்லிவிடுவார் என்பது அவர் தரும் காரணம்.

பாறையில் முளை அடித்து, அதில் இரும்பை மாட்டி, அதைப் பிடித்து ஏறுவது. பாறை ஏற்றத்தை இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டாக வளர்த்தவர்கள் செய்ததும் இதைத்தான். அவர்கள் முளையைப் போல்ட்டாகவும், சங்கிலியைக் கயிறும் காரபினர் கொக்கியுமாகவும் மாற்றிக்கொண்டார்கள். மார்க்கோ போலோவும் பதூதாவுக்கு அரை நூற்றாண்டு முந்தி இந்த மலைச் சங்கிலிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். கையைப் பாறையில் வைத்து ஏற வேண்டிய ஒரு மலை, உலகம் முழுவதற்கும் பெயர் தெரிந்த மலையாக அப்போதே இருந்திருக்கிறது.

இன்று கூட்டம் போகும் வழி வேறு. ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, நோர்வூட், மஸ்கெலியா என்று தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து பஸ் போகிறது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. கடும் வரட்சியில் பழைய கோயில் தலைகாட்டினால் பார்க்க ஊரே கூடும். அதைத் தாண்டினால் நல்லதண்ணி. அங்கிருந்து சிவனொளிபாதமலை உச்சிக்கு, 2,243 மீற்றர் உயரத்துக்கு, ஏறத்தாழ 5,500 படிகள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாதத்து வெசாக் வரை பருவகாலம். வழி முழுக்க விளக்கு, தேநீர்க் கடை, கைக்குழந்தையோடு ஏறும் தாய்மார், மூங்கில் தடியோடு ஏறும் கிழவர்கள். கடைகளுக்கு வேண்டிய அரிசி, மா, சீனி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஆள் தோளில்தான் ஏறுகின்றன. உச்சிக்குக் கீழே படிகள் ஏணி மாதிரி நிமிரும் இடத்தில், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கும் வெளிநாட்டுக்காரரைத் தாண்டி, மூட்டையோடு ஒருவர் செருப்புக் காலில் போய்க்கொண்டே இருப்பார்.

கம்பியும் சீமெந்துப் படியும் வந்த பிறகு இது பாறை ஏற்றம் இல்லை, படியேற்றம். பாறையைத் தேடுபவர் படியைவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா முழுவதும் ஒரே அமைப்பு. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களும் கோயிலும், அதற்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே காடு, காட்டைக் கிழித்துக்கொண்டு கரும்பாறை. இந்த அடுக்குக்கு ஒரு காரணம் உண்டு. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதற்குச் சில ஆண்டுகள் பின்னே, 1873இல், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தொட வேண்டாம் என்று ஆலோசனை சொன்னார். எல்லா இடத்திலும் அது கடைப்பிடிக்கப்படவில்லை. நுவரெலியாவைச் சுற்றி 6,000 அடிக்கு மேலும் தேயிலை நிற்கிறது. ஆனாலும் மலைமுடிகளில் மிஞ்சிய காடு மிஞ்சியதற்கு அந்த ஆலோசனைக்குப் பங்கு உண்டு. கிரேட் வெஸ்டர்ன் மலை, ஹக்கலைப் பாறை, மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னி மலை எல்லாம் இப்படித் தேயிலைக்கு மேலே தலை தூக்கி நிற்பவை. ஏழு கன்னி மலையின் பெயரைக் கேட்டதும் ஊரில் வயதானவர்களுக்கு மலையேற்றம் நினைவுக்கு வராது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்ததுதான் வரும்.

இந்தப் பாறைகளில் பெரும்பகுதி நைஸ் வகையும் சார்னோக்கைட்டும். சார்னோக்கைட் தமிழ்நாட்டுக்காரருக்கு அந்நியம் இல்லை. சென்னைப் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அதே கல்தான். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜோப் சார்னோக்கின் கல்லறைக்கு அந்தக் கல்லைத்தான் பதித்திருந்தார்கள். அதனால் 1893இல் புவியியலாளர் தோமஸ் ஹொலண்ட் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். பூமியின் ஆழத்தில் வெந்து இறுகிய பாறை இது. கொஞ்சம் எண்ணெய் தடவியது போன்ற பச்சை கலந்த சாம்பல் நிறம். உருண்டு திரண்ட முகம், வெடிப்பு குறைவு. விரலை நுழைத்துப் பிடிக்க இடம் தேடினால் கிடைக்காது. பாதத்தை அழுத்தி, உராய்வை நம்பி நிற்க வேண்டிய பாறை.

அந்த நம்பிக்கை லேசில் வராது, பழகித்தான் வர வேண்டும். ஆசியாவுக்கு ஊர் சுற்ற வந்து, வந்த இடத்தில் பாறை ஏறக் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். தாய்லாந்தின் ரைலே கடற்கரையில் 1980களின் பிற்பகுதியிலேயே சுண்ணாம்புப் பாறைகளில் போல்ட் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நீந்த வந்தவர் சப்பாத்து வாடகைக்கு எடுத்து அரைநாள் ஏறிப் பார்ப்பார், பிறகு விசாவை நீட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தங்கிவிடுவார். சீனாவின் யாங்ஷுவோவுக்கு அமெரிக்கர் டொட் ஸ்கின்னர் 1990களின் தொடக்கத்தில் போய் வழி திறந்தார். கர்நாடகத்து ஹம்பியில் கிரிஸ் ஷர்மா ஏறிய படம் 2003இல் வந்தபின், துங்கபத்திரைக் கரைக் குண்டுப் பாறைகளுக்கு விழுந்தால் தாங்கும் மெத்தையை முதுகில் சுமந்துகொண்டு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். பாதாமிக்கு அவ்வளவு பேர் வரவில்லை. செம்மணற்கல்லை விரும்புகிறவர்களுக்கு மட்டும் அது தெரியும்.

முதல்நாள் பாடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். இடுப்பில் ஹார்னஸை இறுக்கி, கயிற்றின் நுனியை எட்டு மாதிரி வளைத்து, வந்த தடத்திலேயே திருப்பிக் கோத்து முடிச்சுப் போடச் சொல்வார்கள். முடிச்சை ஏறுகிறவர் ஒருதரம் பார்க்க வேண்டும், கீழே கயிறு பிடிப்பவர் ஒருதரம் பார்க்க வேண்டும். கால் விரல்களை மடக்கி அமுக்கும் ரப்பர்ச் சப்பாத்தில் நடக்கவே வராது. மூன்று ஆள் உயரம் போவதற்குள் முன்னங்கை கல்லாக இறுகும், விரல் தானாகத் திறந்துகொள்ளும். கையால் தொங்காதே, காலால் நில் என்று கீழேயிருந்து சத்தம் வரும். சொல்வது புரியும், உடம்பு கேட்காது. பாறையோடு மார்பை ஒட்டிக்கொள்ளத்தான் பயம் சொல்லும். அப்படி ஒட்டினால் பாதத்தில் பாரம் இறங்காமல் வழுக்கும். இடுப்பை வெளியே தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி நின்ற கணத்தில்தான் கல் பிடிக்கும்.

இந்த வித்தையை மலையகத்தில் சொல்லிக் கொடுக்க ஆள் தேவையில்லை. காலையில் பிரட்டு எனும் ஆள்கணக்கு முடிந்து மலைக்குப் போகும் பெண், இடுப்பில் படங்கைச் சுற்றி, தலையில் கயிறு போட்டுக் கூடையை முதுகில் தொங்கவிட்டு, மழையில் ஊறிய சரிவில் இரண்டு கையாலும் கொழுந்து பறிக்கிறாள். பிடித்துக்கொள்ளக் கை மிச்சமில்லை. பாரம் முழுவதும் பாதத்தில். பாதத்தைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, செடியின் தூரில் அண்டை கொடுத்து, அடுத்த அடிக்கு முன் மண்ணை ஒருதரம் அழுத்திப் பார்த்து நகர்வாள். கூடை நிறைய நிறைய எடை பின்னால் இழுக்கும். இதை வீரமாக்கிக் கவிதை எழுதுவது சுலபம். சறுக்கி விழுந்து முதுகு போனவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் இருக்கிறார்கள். பாறை ஏறுகிறவர் விழுந்தால் கயிறு தாங்கும், கொழுந்து பறிப்பவருக்குக் கயிறு இல்லை.

ரைலே போல ஹட்டன் ஏன் பெயரெடுக்கவில்லை? முதல் காரணம் மழை. மேல்காற்றுக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதுவது இந்தச் சரிவுகளில்தான். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கங்கள் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் அளவில் நனைகின்றன. உராய்வை நம்பும் பாறையில் பாசி பிடித்தால் கதை முடிந்தது. ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்று மாதம்தான் கல் காய்ந்திருக்கும்.

இரண்டாவது சட்டம். மலைமுடிக் காடுகளில் பெரும்பகுதி பாதுகாக்கப்பட்டவை. சிவனொளிபாதமலையைச் சுற்றிய காடு 1940இலேயே சரணாலயம். 2010இல் அது ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் தொடரோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே அனுமதியில்லாமல் பாறையில் துளை போட முடியாது. அது நியாயமும்கூட. போல்ட் அடித்துவிட்டுப் போவதோடு வேலை முடிவதில்லை. ரைலேயில் கடற்காற்றில் எஃகு போல்ட்டுகள் உள்ளுக்குள் அரித்துப்போய், டைட்டேனியத்தில் புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று. பராமரிக்க ஆள் இல்லாத போல்ட்டைவிடப் பதூதாவின் சங்கிலி மேல்.

மூன்றாவது காரணம் பறக்கும். மலைத்தேனீயும் குளவியும் செங்குத்துப் பாறையின் பிதுக்கங்களிலும் உயர்ந்த மரங்களிலும் கூடு கட்டும். மலையகத்தில் இரண்டையும் குளவி என்றே சொல்வார்கள். கொழுந்து பறிப்பவர்கள் கூட்டமாகக் கொட்டுப்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தியில்லாமல் ஒரு பருவம் கழிவதில்லை, உயிர்கள் போயிருக்கின்றன. சிகிரியாவில் சத்தம் போடாதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். சிங்கப் பாதத்துக்குப் பக்கத்தில் ஓடி ஒளியக் கம்பிவலைக் கூண்டும் உண்டு. 1853இல் ஆடம்ஸ், பெய்லி என்ற இரண்டு ஆங்கிலேயர் அந்தக் குன்றின் உச்சியைத் தொட்டபோது இன்றுள்ள படியும் இல்லை, கூண்டும் இல்லை. கயிற்றில் பாதித் தூரத்தில் தொங்கும் ஒருவருக்குக் குளவி வந்தால் ஓட வழியில்லை. அதனால்தான் எந்தப் பாறைக்குப் போவதானாலும் கீழேயுள்ள தோட்டத்தில் விசாரித்துவிட்டுப் போவது புத்தி. கூடு எங்கே இருக்கிறது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அட்டையைக் காரணமாகச் சேர்க்க வேண்டியதில்லை. பதூதாவும் அதைப் பார்த்து மிரண்டிருக்கிறார். புல்லிலிருந்தும் மரத்திலிருந்தும் பாயும் என்றும், ஊர்க்காரர் தேசிக்காயைக் கையிலேயே வைத்திருந்து பிழிந்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். தோட்டத்தில் இன்றைக்கும் தேசிக்காயோ, சவர்க்காரமோ, உப்போதான்.

ஆக, மலையகத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர் பாறைக்கு முன்னால் நடைபாதையைத்தான் கண்டுபிடித்தார்கள். அதில் பெரிய பெயர் பெக்கோ டிரெயில். இலங்கையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஸ்பானியர் மிகேல் குனாட், காலனிக் காலத்தில் தேயிலைக்குப் போட்ட பழைய தடங்களை ஒன்றோடொன்று கோத்தார். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை, ஹப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. மொத்தம் 322 கிலோமீற்றர், 22 கட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யுஎஸ்எயிடும் உதவின. தடம் புதியதல்ல. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்கள் வெட்டி, சுமந்து, தேய்த்த பாதை அது. 2023இல், அந்த வருகைக்கு 200 ஆண்டு என்று நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குப் பல நூறு பேர் நடந்தார்கள். அதே ஆண்டில் சுற்றுலாப் பயணிகளும் தோளில் பையோடு இந்தத் தடங்களில் இறங்கினார்கள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பயணி நடக்கும் வழியில் இருக்கும் லயத்துக்கு அதனால் என்ன கிடைக்கிறது என்பதில்தான் இந்தத் திட்டத்தை எடைபோட வேண்டும். ரொட்டியும் சம்பலும் விற்ற ஒரு வீடு, வழிகாட்டியாகப் போன ஒரு பையன் என்று கணக்கு மெதுவாகத்தான் ஏறும். பாறை ஏற்றம் வந்தால் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். ஒரு சோடி ஏறும் சப்பாத்து நூறு டொலர் அளவில், ஏறத்தாழ 30,000 ரூபா. 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் 22 நாள் வேலைக்குப் பேர் விழுந்தால் ஒரு சோடிச் சப்பாத்து. கயிறு, ஹார்னஸ், ஹெல்மெட் எல்லாம் அதற்குப் பிறகு.

கயிறும் பயிற்சியும் கைக்கு எட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கையிலேயே சாட்சி இருக்கிறது. ஜயந்தி குரு உத்தும்பால 2016 மே 21இல் எவரெஸ்ட் உச்சியில் நின்றார். இலங்கையர் எவரும் அதற்குமுன் அங்கே நின்றதில்லை. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளரான அவர் மலையேற்றம் படித்தது டார்ஜிலிங்கில், 1954இல் தொடங்கி டென்சிங் நோர்கே பயிற்சி நடத்திய இமாலய மலையேற்ற நிலையத்தில். கூடப் போன ஜொஹான் பீரிஸ் சிகை அலங்காரக் கலைஞர். அந்த ஆண்டு உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே பிராணவாயுக் கருவி பழுதாகித் திரும்பிவிட்டார். 2018இல் மறுபடி போய் ஏறினார். தமிழ்நாட்டில் விருதுநகர்ப் பக்கத்து முத்தமிழ்ச்செல்வி சென்னையில் ஜப்பானிய மொழி கற்பித்தவர், 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். மூவருமே மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. வளர்ந்தபின் கற்றுக்கொண்டவர்கள்.

மலையகத்தில் கயிற்றுப் பயிற்சிக்கு இன்னொரு தேவையும் இருக்கிறது, அதை யாரும் விளையாட்டு என்று சொல்ல மாட்டார்கள். 2015 பெப்ரவரியில் தேனிலவுக்கு வந்த ஒரு நெதர்லாந்துக்காரர், ஹோட்டன் சமவெளியில் உலக முடிவு எனும் செங்குத்து விளிம்பில் மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். கீழே 800 மீற்றருக்கு மேல் பள்ளம். நாற்பது மீற்றர் அளவில் ஒரு மரம் அவரைத் தாங்கியது. இராணுவத்தினர் கயிறு கட்டி இறங்கி மீட்டார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் சரிந்தது மண். பாதை அறுந்த ஊர்களில் முதலில் போய்த் தோண்டியவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள்தான், மண்வெட்டியும் வெறுங்கையுமாக. முடிச்சுப் போடவும், ஆளைக் கட்டி இறக்கவும் தெரிந்த பத்துப் பேர் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்திருந்தால் என்று கேட்பது பேராசை இல்லை. அந்தப் பத்துப் பேருக்கே காய்ந்த மாதங்களில் வெளிநாட்டுக்காரரைப் பாறைக்குக் கூட்டிப்போகும் வேலையும் கிடைக்கும்.

இப்போதைக்கு ஏறிப் பார்க்க நினைப்பவருக்கு வழி இருக்கிறது. தீவின் ஆக உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீற்றர். உச்சியில் ஒளிபரப்பு நிலையமும் காவலும் இருப்பதால் நினைத்த நேரத்தில் ஏற முடியாது. அடுத்த பெரிய மலையான கிரிகல்பொத்தைக்கு ஹோட்டன் சமவெளி நுழைவாயிலில் சீட்டு எடுத்துக் காலையிலேயே கிளம்ப வேண்டும், பத்து மணிக்குமேல் மூடுபனி இறங்கிவிடும். கிரேட் வெஸ்டர்னுக்கு அதே பெயருள்ள ரயில் நிலையத்தில் இறங்கித் தேயிலை வழியே ஏறலாம். மேற்பகுதி காட்டுக்குள் கையும் காலுமாக ஏற்றம், வழி தெரிந்த ஆள் கட்டாயம். மாலையில் இறங்கி வரும்போது கொழுந்து லொறி எதிரே வரும். தோட்டத்துப் பாதை ஒரு வண்டிக்குத்தான் போதும், கான் ஓரமாக ஒதுங்கி வழிவிட வேண்டும்.